சந்தை மேல் வந்து உட்கார்ந்த கட்டடம்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்கிற ஒழுங்கு எனக்கு வராது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோபம் வந்துவிடும், கோபம் வந்தால் பாதி விட்டுப்போகும். என் அண்ணன் ஆவுடையப்பன் இதை ஒரு மாதிரி சொல்கிறான், பேரூராட்சித் தலைவர் மாசிலாமணி வேறு மாதிரி சொல்கிறார், ஆனால் அந்தக் கட்டடம் தங்களைத் தேடித்தான் வந்தது என்று முடிப்பதில் இரண்டு பேருக்கும் ஒற்றுமை. அவர்கள் சொன்னது பேப்பரில் போட்டோவோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கருவாட்டுக்காரி வந்து இல்லை என்றால் யார் காதில் ஏறும்? ஆனாலும் என் மகள் வடிவு இதைப் படிப்பாள் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் நடுவச்சந்தையில் திங்கள்தோறும் சந்தை கூடும். ஒரு திங்கட்கிழமை விடியலில் முதல் பஸ்ஸில் கருவாட்டு மூட்டையோடு வந்து இறங்கினால், மைதானத்தின் நடுவில், புளி வியாபாரிகளும் மண்சட்டிக்காரர்களும் உட்காருகிற இடத்தில், சாம்பல் நிறத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. கூரைமேல் மெத்தை கனத்துக்குப் பனி, கூரை ஓரத்தில் கண்ணாடிக் குச்சிகளாகத் தொங்குகிற ஐஸ், சுவரோரம் ஒன்றை ஒன்று இடிக்காமல் வரிசையாகச் சாய்ந்த சைக்கிள்கள், வாசலில் தானே விளக்கெரிந்துகொண்டு சூடான காப்பியைத் தகர டப்பாவில் தள்ளுகிற ஒரு இயந்திரம். பக்கத்துக் கடைக்காரி மூக்கம்மா, கொத்தமல்லியும் புதினாவும் விற்கிறவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்தக் கட்சிக்காரன் கட்டுனது மதினி இது? நேத்து சாயங்காலம் இல்லையே."

"எவன் கட்டுனா நமக்கென்ன? நெழலு விழுதுல்லா. சாக்க விரி," என்றேன்.

விரித்தோம். வெயில் ஏறும் முன்னால் கட்டடத்தின் கதவு திறந்து, கறுப்புக் கோட்டுப் போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் வெளியே வந்தார், எங்களைப் பார்த்தார், இடுப்புவரை குனிந்தார். மூக்கம்மா, யாரைக் கும்பிடுகிறார் என்று தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். எங்கள் ஊரில் எங்களை நோக்கி யாரும் குனிந்தது கிடையாது, தராசு முள்ளைப் பார்ப்பதற்குக் குனிவார்கள், அவ்வளவுதான்.

அவர் பேசுவது தரையில் நின்றால் விளங்கவில்லை, கட்டடத்தின் படியில் கால் வைத்தால் விளங்கியது, எங்கள் பேச்சும் அவருக்கு அப்படியே. அவர் பெயர் ஹிராயாமா, பேராசிரியர். ஜப்பானின் வடக்கே, பனி பெய்கிற ஒரு சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் வணிகமும் படிக்கிற துறை இந்தக் கட்டடம். அந்த ஊரிலிருந்து இளசுகள் எல்லாம் பெரிய நகரத்துக்குப் போய், போனவர்கள் திரும்பாமல், திரும்பாதவர்கள் பிள்ளையும் பெறாமல், வருஷத்துக்கு வருஷம் வகுப்பில் நாற்காலி காலியாகிக்கொண்டே வந்திருக்கிறது. நாற்காலி நிறையாத துறையை மூடிவிடுவோம் என்று அங்கே அரசாங்கம் சொல்லிவிட்டதாம். கட்டடம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் மிச்சமிருக்கிற இடம் எதுவோ என்று தானே கிளம்பி வந்துவிட்டது. "எங்கே இறங்கும் என்று எங்களுக்கும் தெரியாது, உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம்," என்று இன்னொரு தடவை குனிந்தார்.

"பிள்ளையத் தேடி வந்துச்சு, சரி. இத்தனை பொட்டக்காடு கெடக்கையில எங்க சந்தை மேல வந்து எதுக்கு உக்காந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் யோசித்து, வருத்தத்தோடு சொன்னார்: "நாங்கள் சந்தையைப் பற்றித்தான் பாடம் நடத்துகிறோம். கட்டடத்துக்குப் பழகிய இடம்போல் தெரிந்திருக்கும்."

இனி எங்கள் ஊர் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது. ஜப்பானிலிருந்து ஒரு கட்டடம் தன் காலில் நடந்தோ பறந்தோ வந்து நிற்கிறதே என்று ஒருவர் வாயைப் பிளக்கவில்லை. அன்று மத்தியானத்துக்குள் தலைவர் மாசிலாமணி தன் படத்தை யானை உயரத்துக்குப் பெரிதாக்கி, நடுவச்சந்தைக்கு வெளிநாட்டுக் கல்வியைக் கொண்டுவந்த செம்மலே என்று தன்னைத் தானே பாராட்டி பேனர் கட்டிவிட்டார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, யாரும் கட்டாத கட்டடம் ஆக்கிரமிப்பில் சேராது என்று சொல்லிவிட்டு, இயந்திரத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். சர்பத் கடைக்காரன் ஏணி வைத்து ஏறிக் கூரைப் பனியைச் சுரண்டி நன்னாரியில் போட்டு விற்றான், சுரண்டச் சுரண்ட அது வளர்ந்தது, அதையும் யாரும் ஏனென்று கேட்கவில்லை, ருசி மட்டும் கொஞ்சம் குறைகிறது என்றார்கள். கல்யாணம் முடிந்த ஜோடிகள் காஷ்மீருக்குப் போகாமல் இங்கேயே கம்பளிச் சட்டையை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு, கூரையில் உருண்டு போட்டோ பிடித்தார்கள். என் அண்ணன் ஆவுடையப்பன், பந்தல் கான்ட்ராக்ட் எடுக்கிறவன், சொந்தமாக ஒரு கடிதம் எழுதத் தெரியாதவன், கண்ணாடி போட்ட அறை ஒன்றைப் பிடித்து, ஜப்பான் உயர்கல்வி ஆலோசகர் என்று போர்டு மாட்டி உட்கார்ந்துவிட்டான்.

"என்னண்ணே ஆலோசனை சொல்லுவ?" என்று கேட்டேன்.

"அந்தா தெரியுது பாரு கட்டடம், அதுக்குள்ள போன்னு சொல்லுவேன்."

"அது கண்ணுக்குத்தான் தெரியுதே."

"தெரியுதுதான் பேச்சி. ஆனா ஒரு பெரிய மனுசன் சொன்னாத்தானே நம்ம ஊர்க்காரன் நம்புதான்."

அதுவும் உண்மைதான், கூட்டம் நெரிந்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இன்ஜினியர் உண்டு, அந்த இன்ஜினியர் திருநெல்வேலியில் ஏதாவது ஜவுளிக்கடையில் வேட்டி மடித்துக்கொண்டிருப்பான். விசா இல்லை, விமானம் இல்லை, கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தால் கட்டடமே கூட்டிப் போய்விடும் என்று தெரிந்ததும் அத்தனை பேரும் ஊர் திரும்பினார்கள். பிளஸ் டூ முடித்து வீட்டிலிருந்த என் மகள் சண்முகவடிவும் போனாள். எனக்கு அவள் ஒருத்திதான். அவள் அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பகலில் அவள் குரல் கேட்காவிட்டால் எனக்கு எடைக்கணக்குத் தப்பிவிடும்.

படிப்பு தொடங்குமுன் பழக்குவதற்கென்று வகுப்புகள் நடந்தன. வகுப்புக்குச் சத்தம் இடைஞ்சல் என்று தலைவர் எங்களைப் பைபாஸ் ஓரத்துக்குப் போகச் சொன்னார். வாங்கவும் விற்கவும் கற்றுத் தருகிற கட்டடத்துக்காக, வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர்களை விரட்டினார்கள், இதில் எங்கள் ஆட்களே கை தட்டினார்கள். பைபாஸில் நிழலில்லை, பஸ் நிற்காது, லாரி கிளப்புகிற புழுதியில் நெத்திலி எது மண் எது என்று தெரியாது. சந்தை மெலிந்தது. ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் நாலைந்து பேர் அட்டையும் பேனாவுமாக வந்தார்கள், வாரச் சந்தைகளின் வீழ்ச்சி பற்றி ஆய்வு செய்கிறார்களாம். எல்லாம் என் கண்முன்னே மூக்கொழுக வளர்ந்ததுகள்.

"ஒங்க வாடிக்கையாளர்கள் எண்ணிக்கை கொறைஞ்சதுக்கு என்ன காரணம்னு நெனைக்கீங்க சித்தி?"

"சந்தை மேல நீங்க ஏறி உக்காந்திருக்கீங்கல்லா மக்கா, அதான்."

எழுதிக்கொண்டார்கள். என்ன எழுதினாய் காட்டு என்றேன். 'இடம் சார்ந்த காரணிகள்' என்று எழுதியிருந்தது. மூக்கம்மா ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து அந்தப் பையன் தலையில் போட்டாள்.

வடிவு மட்டும் அவர்களைப்போல் இல்லை. அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவளுக்கு அந்தப் படிப்பு பசித்தவளுக்குச் சோறுபோல் இறங்கியது. சாப்பிடும்போது பேசுவாள், சேலையைக் காயப்போடும்போது பேசுவாள்.

"வாய்ப்புச் செலவுன்னு ஒண்ணு இருக்கும்மா. நீ கருவாடு விக்கிற நேரத்துல வேற என்னெல்லாம் செஞ்சிருக்கலாமோ, அதுதான் நீ கருவாடு விக்கிறதோட உண்மையான வெலை."

"நான் கருவாடு விக்காம இருந்தா நீ பட்டினி கெடந்து செத்திருப்ப. அதுதான்ட்டி வெலை."

சிரித்தாள். அவள் சிரிக்கும்போது அவள் கண் என்னைத் தாண்டி, பின்னால் எதையோ பார்த்தது. அதைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது.

வெயில் தாங்காத மத்தியானங்களில் நானும் அந்தக் கட்டடத்தில் போய்ப் பின்சுவரோரம் உட்கார ஆரம்பித்தேன். என் கூடையிலிருந்து அடிக்கிற வாடைக்குப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தன, ஹிராயாமா பிடிக்கவில்லை, தன் அம்மா வீட்டிலும் இப்படித்தான் மீன் காயும் என்றார். ஒருநாள் ஆள் குறைந்துபோன ஊர்களைப் பற்றிப் பாடம். பெரிய திரையில் ஒரு படம் போட்டார். கூரையும் மாடி ஜன்னலும் மட்டும் தெரிகிற வீடு, மற்றதெல்லாம் பனிக்குள். அந்த ஜன்னலில் ஒரு கிழவி, கண்ணாடியில் மூக்கை வைத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பாதையில் ஒரு காலடிகூட இல்லை. இந்தத் தெருவில் முன்பு இத்தனை வீடு, இத்தனை கடை, ஒரு பள்ளிக்கூடம் என்று குச்சியால் சுட்டிக்கொண்டே போனார். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள்.

"அந்தம்மா யாரு?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

குச்சி நின்றது. "என் அம்மா," என்றார்.

வகுப்பு முடிந்ததும் அவரைப் படியிலே நிறுத்தி, கட்டடம் எப்போது கிளம்பும் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். தொடக்க விழா அன்று மணி அடிக்கும். அந்த நேரத்தில் எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தால் கட்டடம் ஊர் திரும்பும், உட்கார்ந்திருப்பவர்கள்தான் மாணவர்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் கிளம்பாது, இன்னும் காத்திருக்கும். "யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கட்டடம் பார்க்காது அம்மா. எங்கள் அரசாங்கமும் பார்ப்பதில்லை. நாற்காலி நிறைந்ததா என்பதுதான் கேள்வி."

அன்று சாயங்காலம் வடிவிடம் போகாதே என்றேன்.

"நாலு வருசந்தானம்மா. படிச்சு முடிச்சுட்டு வந்துருவேன்."

"அந்த வாத்தியாரும் அவுக அம்மாகிட்ட அப்படிச் சொல்லிட்டுத்தான் போயிருப்பாரு."

"அதுக்காக? நான் இங்கன உக்காந்து நீ பாக்குத ரோட்டையே பாத்துக்கிட்டிருக்கணுமா?"

"பாரேன். என்ன கொறைஞ்சிரும்?"

"எல்லாம் கொறையும்," என்றாள், மெதுவாக. "நீ எட்டாங்கிளாஸோட நின்னுட்ட. ஒனக்குத் தெரியாதும்மா."

தெரியாதுதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊர் ஆண்கள்தான். அவர்களை நான் தராசில் வைக்காமலே எடை சொல்லுவேன்.

தொடக்க விழாவுக்கு, அந்த நாட்டு வழக்கப்படி, பிள்ளைகளைப் பெற்றவர்களும் வரலாம், பின்னால் நின்று பார்க்கலாம் என்று ஹிராயாமா அழைத்திருந்தார். பெற்றவர்கள் என்றுதான் சொன்னார். எங்கள் ஊர் சடங்கு வீட்டுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பியது. தாய்மாமன் சீர் வந்தது, மேளம் வந்தது, தாம்பாளத்தில் பழமும் பலகாரமும், பட்டுச்சேலையும், ஒரு பீரோவும்கூட வந்தது. பிள்ளைகள் பெயர் கூப்பிட்ட பிறகுதான் உட்கார வேண்டும் என்பது முறையாம். ஆகவே பிள்ளைகளெல்லாம் வெள்ளைச் சட்டையில் சுவரோரம் விறைத்து நின்றார்கள், நடுவில் நாற்காலிகள் அத்தனையும் காலி. எங்கள் ஊர் விழா ஒன்றில் முன்வரிசை நாற்காலி காலியாக இருப்பதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதைக் கண்டதும் எனக்குப் புத்தி வேலை செய்தது.

அண்ணனிடம் போனேன். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, அவனே வாங்கி அவனே போட்டுக்கொண்டது.

"அண்ணே, தாய்மாமனுக்கு முன்னால எடம் கெடையாதாமே. பின்னால பெஞ்சியோரம் நிக்கச் சொல்லுதாவ."

"எவன் சொன்னான்?"

"எனக்கென்ன தெரியும். தலைவர் ஆளுக பேசிக்கிட்டாவ."

நடந்தான். முதல் வரிசையின் நடுநாற்காலியில் போய் மாலையோடு உட்கார்ந்தான். நான் நேரே தலைவர் மாசிலாமணியிடம் போனேன்.

"தலைவரே, கோவிச்சுக்கிடாதீக, எங்கண்ணன் ஒங்க எடத்துல உக்காந்துட்டான். சொன்னா கேக்க மாட்டங்கான். கான்ட்ராக்டர்தான் பெரிசுங்கான்."

"அவன் பந்தல் போடுதவன். நான் பந்தலுக்குள்ள உக்காருதவன்," என்று சொல்லிவிட்டு மாசிலாமணி தன் ஆட்களோடு போய் அண்ணனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறைந்தார். அதற்குப் பிறகு நான் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. தலைவர் உட்கார்ந்ததைப் பார்த்து முன்னாள் தலைவர் உட்கார்ந்தார். மேலத்தெரு உட்கார்ந்தால் கீழத்தெரு நிற்குமா என்று கீழத்தெருக்காரர்கள் உட்கார்ந்தார்கள். கோயில் கமிட்டி உட்கார்ந்தது, கோயில் கமிட்டி மேல் வழக்குப் போட்டவர்கள் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். சம்பந்தகாரர்கள், சம்பந்தம் முறிந்தவர்கள், சங்கத்துத் தலைவர்கள், சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர்கள், ரத்ததானம் செய்து ஒருமுறை போட்டோ வந்தவர், எல்லாரும் தோள்துண்டால் நாற்காலியைத் தட்டித் தட்டி உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அவர்களுக்கும் இது புதிதில்லை, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் வெயிலில் நின்று பழக்கப்பட்ட பிள்ளைகள்.

ஹிராயாமா மட்டும் வெலவெலத்துப் போனார். "ஐயா, தயவுசெய்து, இது மாணவர்களுக்கு," என்று வரிசைக்கு வரிசை ஓடி ஓடிக் குனிந்தார். அவர் குனியக் குனிய இவர்கள் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். இப்படி மரியாதை தெரிந்த மனிதனைப் பார்த்ததேயில்லை என்று மாசிலாமணி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அண்ணன் கையைத் தூக்கி, சரி சரி, ஆரம்பிக்கலாம் என்று உத்தரவு கொடுத்தான்.

மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒரே ஒரு நாற்காலி மிஞ்சியது. அதைப் பிடிக்க வந்த ரைஸ்மில்காரர், அடுத்த நாற்காலியில் தன் பங்காளி இருப்பதைப் பார்த்துவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்வதா என்று திரும்பிப் போய்விட்டார். அது காலியாகவே இருந்தால் கட்டடம் கிளம்பாது, வடிவுக்கு இடம் காத்திருக்கும். அவள் அதைப் பார்த்துவிட்டாள். சுவரை விட்டு வந்தாள், முதலில் நடந்து, பிறகு ஓடி. அவளோடு படித்த பிள்ளைகள், போ வடிவு, போ போ என்று கத்தினார்கள். எனக்கு அந்தப் பனிக்குள் மூழ்கிய வீடும் ஜன்னலும் கண்ணுக்குள் வந்தன, அந்த ஜன்னலில் என் மூக்கு. நான் அந்த நாற்காலிக்கு ஒரு எட்டு தூரத்தில்தான் நின்றேன்.

உட்கார்ந்தேன்.

என் முன்னால் வந்து மூச்சிரைக்க நின்றாள். "எந்திரிம்மா."

நான் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, எந்திரி. அது என் நாற்காலி."

மணி அடித்தது.

கட்டடம், முறத்தில் உமியைப் புடைப்பதுபோல், ஹிராயாமாவைத் தவிர நின்றவர்களையெல்லாம் ஒரு காயமில்லாமல் வாசல் வழியாக மைதானத்தில் தள்ளியது. பிள்ளைகள், பெண்கள், மேளக்காரர்கள், பீரோ, தாம்பாளங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் வடிவு. ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, விலை படியாத சரக்கைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு மூக்கம்மா அவள் தோளில் கைபோட்டது தெரிந்தது, பிறகு மேகம்.

ஆகவே நானும் அவர்களோடு இங்கேதான் இருக்கிறேன், பொருளாதாரமும் வணிகமும் படித்துக்கொண்டு. இந்த ஊரும் ஆச்சரியப்படவில்லை. மேயர் வந்து குனிந்தார், வாசலில் வரவேற்புத் துணி கட்டினார்கள், இந்த ஆண்டு மாணவர்கள் சற்றே முதிர்ந்தவர்கள் என்று உள்ளூர்ப் பேப்பர் எழுதியது, நாற்காலிகள் நிறைந்துவிட்டதாக அரசாங்கத்துக்குத் தகவல் போனது, அரசாங்கம் பாராட்டியது. மாசிலாமணி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்து விமான நிலையம்வரை போனார். மறுநாள் காலை மணி அடித்தபோது பெட்டியும் கையுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். படித்துத் தேறாமல் நாற்காலி விடாது என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. ஊருக்குப் போன் பண்ணும்போது மட்டும், சிறப்பு விருந்தினராக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விடமாட்டேன் என்கிறார்கள் என்பார். அதிலும் பாதி உண்மைதான்.

கைச்செலவுக்கு எல்லாரும் வேலைக்குப் போகிறோம். வழியில் யார் வணக்கம் சொன்னாலும் தலையை அசைக்காத என் அண்ணன், ஒரு கடையில் நின்றுகொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் வாங்க வாங்க என்று கூவிக் குனிகிறான், யாரும் இல்லாமல் காற்றுக்குக் கதவு திறந்தாலும் குனிகிறான். நான் வீடுகளின் முன்னால் பனி தள்ளுகிறேன். ஹிராயாமாவின் அம்மா வீட்டுக்கும் போகிறேன். அந்தக் கிழவி ஜன்னலிலிருந்து இறங்கி வந்து, நான் சுட்டுக் கொடுக்கிற கருவாட்டை முகர்ந்துவிட்டு, உப்புப் போதாது என்று சைகையில் திட்டுவாள். மகன் இதே ஊரில் இருந்தும் பாடம் நடத்திவிட்டு ஒழிந்த நேரத்தில்தான் எட்டிப்பார்க்கிறான்.

வடிவு ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன் பண்ணுகிறாள். கட்டடம் போன இடத்தில் சந்தை மறுபடி கூடுகிறது. பெரிய மனிதர்கள் இல்லாததால் ஊரில் சண்டையில்லை, பேனரும் இல்லை. என் கடையில் அவள்தான் உட்கார்கிறாள். அவளும் அவளோடு நின்ற பிள்ளைகளும் சேர்ந்து கருவாட்டைச் சுத்தம் பண்ணிச் சின்னச் சின்னப் பையில் அடைத்து மதுரைவரை அனுப்புகிறார்களாம். "அப்போ நல்லாத்தானட்டி இருக்க?" என்பேன், பயந்துகொண்டே. பிள்ளை நம்மை விட்டுப் போவது வேறு, நாம் பிள்ளையை விட்டு வருவது வேறு. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிகிறது, அது போதும் என்று என் மனதுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

போன திங்கட்கிழமை அவள் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கேன். நீ சீக்கிரம் படிச்சுத் தேறும்மா. ஒன் நாற்காலி காலியானா அத நிறைக்கக் கட்டடம் மறுபடி வரும்லா. இந்தத் தடவை நான் வாசல்லயே படுத்துக்கிடுவேன்."

ஹிராயாமாவிடம் கேட்டேன். ஆமாம், ஒரு நாற்காலி காலியானாலும் அதுபாட்டுக்குக் கிளம்பிவிடும் என்றார். மற்றவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அவர்கள் ஏழு தலைமுறை எழுதினாலும் தேற மாட்டார்கள். தேவைக்கும் வரத்துக்கும் படம் போடச் சொன்னால் அண்ணன் பந்தலுக்கு அளவு போடுகிறான். மாசிலாமணி எல்லாக் கேள்விக்கும் தன் பெயரைப் பெரிதாக எழுதுகிறார். ஆனால் எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் படிப்பு வருகிறது. இத்தனை வருஷம் மண்ணில் உட்கார்ந்து செய்ததற்கெல்லாம் இவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், பெயரைக் கேட்டதும் உள்ளே விளக்குப் போட்டதுபோல் ஆகிறது. வகுப்பில் நான் வாயைத் திறந்தால் ஹிராயாமா குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார். எட்டாம் வகுப்போடு நிற்காமல் இருந்திருந்தால் என்று ஒருநாள் ஆரம்பித்தார், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நேற்று தேர்வு. இளையவர்கள் வெளியேறிய ஊரில், அங்கேயே தங்கிவிட்டவர்கள் எதை இழக்கிறார்கள், விளக்குக என்று முதல் கேள்வி. இதற்கு என்னைப்போல் பதில் எழுத அந்த அறையில் ஆளில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி, முன்வரிசையில் மாசிலாமணி தன் பெயரின் கடைசி எழுத்துக்குச் சுழி போட்டுக்கொண்டிருந்தார். பதில் முழுவதும், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும், எனக்குள் அடுக்கி வைத்த தட்டுகள்போல் இருந்தது. தாளின் தலைப்பில் பேச்சித்தாய் என்று எழுதினேன். பேனாவை மூடினேன். வெள்ளைத்தாளின்மேல் கையை வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.